இந்தியாவா, சீனாவா, ஐரோப்பாவா: அம்பாறை வயலில் இருந்து ஒரு கணக்கு

வர்த்தக உடன்படிக்கை பற்றிக் கொழும்பில் பேசும்போது ஏற்றுமதி டொலரில்தான் பேச்சு தொடங்கும். கிழக்கில் இருக்கிற எங்களுக்கு முதலில் வருகிற கேள்வி வேறு. இந்தக் கையெழுத்துக்கு விலை கொடுக்கப் போவது யார்? சம்மாந்துறையில் வேளாண்மை செய்கிறவரா, விடிய முன்னம் கார்மென்ட்ஸ் பஸ் ஏறுகிற பிள்ளையா? பெரிய நாடுகள் தங்கள் போட்டியில் எங்களை எந்தப் பக்கம் இழுத்தாலும், நான் ஒவ்வொரு உடன்படிக்கையையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

இந்தியாவில் இருந்து தொடங்கலாம். 1998 டிசம்பரில் கையெழுத்தான சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தீர்வைச் சலுகை கொடுக்க முடியாத பொருட்கள் என்று இலங்கை ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஒதுக்கி வைத்தது. விவசாயப் பொருட்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கியது. அந்த வேலி எவ்வளவு முக்கியம் என்பது அறுவடை நேரத்தில் தெரியும். இப்போது வெட்டு மெஷின்தான் அறுக்கிறது. ஒரே கிழமையில் வட்டை முழுக்க ஈர நெல் வந்து குவியும். காயவைக்கத் தளமும் இல்லை, வைத்திருக்கக் களஞ்சியமும் இல்லை. கடன் வாங்கி விதைத்தவர் வயலடியிலேயே வியாபாரி சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். அந்த நேரம் பார்த்து இறக்குமதி அரிசி பற்றிய பேச்சு வந்தால் போதும், விலை இன்னும் கீழே போகும்.

2024 டிசம்பரில் தனியாருக்கு அரிசி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. முதலில் 20ஆம் திகதிவரை என்றார்கள், பிறகு 2025 ஜனவரி 10வரை நீட்டினார்கள். கடையில் அரிசி தட்டுப்பாடாக இருந்த நேரம், எனவே அதைப் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் கிலோவுக்கு 65 ரூபாய் வரி அப்போதும் இருந்தது. தேவைக்குத் திறக்கவும் பிறகு மூடவும் எங்கள் அரசாங்கத்துக்கு முடிந்தது. எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை) என்ற பெயரில் இந்தியாவோடு 2016இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் எடுத்த பேச்சில் இந்த அதிகாரம் பறிபோகக் கூடாது.

இந்தியாவே இதில் எங்களுக்கு நல்ல பாடம். பழைய உடன்படிக்கையின் கீழ் இலங்கை மிளகு அங்கே போய்க் குவிந்தபோது கேரள விவசாயிகள் சத்தம் போட்டார்கள். வருடத்துக்கு 2,500 தொன்னுக்கு மேல் தீர்வையின்றி வர முடியாது என்று டில்லி வரம்பு போட்டது. வனஸ்பதிக்கும் அப்படியே. அவர்கள் தங்கள் விவசாயியைப் பார்த்துக்கொண்டார்கள். நாங்களும் அதையே செய்வதில் என்ன தவறு?

சீனாவோடு பேச்சு 2014இல் தொடங்கியது, இன்னும் உடன்படிக்கை ஆகவில்லை. பத்து வருடத்தில் மீளாய்வு செய்ய இடம் வேண்டும் என்று இலங்கை கேட்டதும், அதற்குச் சீனா சம்மதிக்காததும் முக்கிய முட்டுக்கட்டை. என் பார்வையில் இலங்கை கேட்டது முழு நியாயம். 1952இல் றப்பர் கொடுத்து அரிசி வாங்கிய ஒப்பந்தத்தைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். கொரியப் போரின் நடுவே, அமெரிக்காவின் கோபத்தையும் மீறி, வருடத்துக்கு 2,70,000 தொன் அரிசிக்குப் பேசி முடித்தது உண்மையில் பெரிய துணிச்சல்தான். ஆனால் அப்போது சீனாவுக்கு வேறு யாரும் கொடுக்காத றப்பர் எங்களிடம் இருந்தது. இன்று அப்படி எதைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது?

ஐரோப்பாவின் ஜீஎஸ்பி பிளஸ் உடன்படிக்கையே அல்ல, எங்கள் ஏற்றுமதிக்கு அவர்களாகக் கொடுக்கும் தீர்வைச் சலுகை. அதனால் அவர்களாகவே எடுக்கவும் முடியும். 2010இல் எடுத்தார்கள், 2017இல் திருப்பித் தந்தார்கள். உடுப்புக்கு ஏறக்குறைய 12 வீதத் தீர்வை பூச்சியமாகிறது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல் தொடர்பான 27 சர்வதேச சாசனங்களை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. இதை வெளியார் தலையீடு என்று தெற்கில் சிலர் சொல்வார்கள். கைதானவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் தேடி அலைந்த மட்டக்களப்புத் தாய்மாருக்கு அந்தச் சாசனங்கள் எவ்வளவு பெறுமதி என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு இது வர்த்தகத்தோடு வந்த மிக நல்ல நிபந்தனை.

குறையும் உண்டு. துணியும் இங்கேயே, அல்லது அவர்கள் ஏற்கும் அயல் நாடுகளில், நெய்யப்பட்டிருக்க வேண்டும். சீனத் துணியை வெட்டித் தைத்து அனுப்பினால் சலுகை கிடைக்காது. இந்தச் சட்டம் ஐரோப்பாவுக்குப் பெய்ஜிங்கோடு இருக்கிற போட்டிக்கும் வசதிதான். தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கிற பிள்ளைக்கு அது ஓடர் குறைவாகவும் ஓவர்டைம் இல்லாத மாதமாகவும் வந்து சேருகிறது. மருதமுனையிலும் காத்தான்குடியிலும் நெசவு இருக்கிறது, ஆனால் கைத்தறி ஒரு தொழிற்சாலையின் தேவைக்கு ஈடு கொடுக்காது.

அமெரிக்காவைத் தெரிவுகளில் ஒன்றாகவே நான் எடுக்கவில்லை. 2025 ஏப்ரலில் எங்கள் பொருட்களுக்கு 44 வீதம் என்று அறிவித்து, பிறகு 30, அந்த ஓகஸ்டில் 20 என்று இறங்கியது அவர்கள் ஒருதலையாகப் போட்ட தீர்வை. எங்கள் உடுப்பை அதிகம் வாங்கும் நாடு அதுதான் என்பதால் பேசாமலும் இருக்க முடியாது. ஆனால் 2025 அக்டோபரில் மலேசியாவோடு அமெரிக்கா செய்துகொண்ட உடன்படிக்கையில், அமெரிக்கா மூன்றாவது நாட்டின் மேல் எடுக்கும் சில நடவடிக்கைகளோடு மலேசியாவும் ஒத்துப்போக வேண்டும் என்ற வாசகம் இருந்தது. அப்படியொன்று எங்கள் மேசைக்கு வந்தால் கையெழுத்து வைக்கக் கூடாது.

சரி, என் வரிசை இதுதான். ஜீஎஸ்பி பிளஸைக் காப்பாற்றுவது முதல் வேலை, அதற்கான நிபந்தனைகளை நாட்டுக்காகவே நிறைவேற்ற வேண்டும். இந்தியாவோடு பேசலாம், ஆனால் அரிசியும் பாலும் வெளியே. மீளாய்வுக்குச் சம்மதிக்கும்வரை சீனா காத்திருக்கட்டும்.

சிங்கப்பூர் உடன்படிக்கை 2018 ஜனவரியில் கையெழுத்தாகி, மே மாதம் நடைமுறைக்கும் வந்த பிறகுதான் எதிர்ப்பு கிளம்பி ஜனாதிபதி நிபுணர் குழு அமைத்தார். எட்கா வரைவைக் கையெழுத்துக்கு முன்னரே தமிழில் வெளியிட்டு, அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் விவசாய அமைப்புகளைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுக்க வேண்டும். எந்தப் பொருள் வேலிக்குள், எத்தனை வருடத்துக்கு என்ற பட்டியல் அவர்கள் கைக்குப் பெரும்போக அறுவடைக்கு முன்னமே வர வேண்டும்.