பத்து லிட்டருக்கு ஒரு பாக்கெட்: பி அண்ட் ஜி தண்ணீர்ப் பொடி எப்படி?

பார்க்க ஷாம்பு பாக்கெட் மாதிரிதான் இருக்கும். உள்ளே 4 கிராம் பொடி. 10 லிட்டர் சேற்றுத் தண்ணீரில் கொட்டிக் கலக்கித் தெளியவிட்டு வடிகட்டினால், சுமார் அரை மணி நேரத்தில் குடிக்கத் தகுந்த தண்ணீர். பி அண்ட் ஜி (பிராக்டர் அண்ட் கேம்பிள்) நிறுவனம், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘பியூரிஃபையர் ஆஃப் வாட்டர்’ இதுதான். சில நாடுகளில் கடைகளில் விற்றுப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2004 முதல் குழந்தைகளுக்கான குடிநீர்த் தொண்டுத் திட்டம் ஒன்றின் வழியாக, வெள்ளம், புயல், அகதி முகாம் என்று தேவைப்படும் இடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கலங்கல் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலையில் இது அருமையான பொருள். ஏற்கெனவே தெளிவாக இருக்கிற தண்ணீருக்கு வீண் வேலை. இந்தப் பொடியைக் கெடுப்பது பெரும்பாலும் பொடி அல்ல, கடைசி 20 நிமிடத்தைக் காத்திருக்காத கைதான்.

உள்ளே இருப்பதில் முக்கியமானவை இரண்டு: ஃபெரிக் சல்பேட், கால்சியம் ஹைப்போகுளோரைட். கலங்கல் என்பது பெரும்பாலும் மிக நுண்ணிய களிமண் துகள். அவற்றின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். இராத்திரி முழுக்க வைத்தாலும் தண்ணீர் பழுப்பாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். ஃபெரிக் சல்பேட்டில் உள்ள இரும்பு அந்த மின்னூட்டத்தைத் தணிக்கும், துகள்கள் ஒட்ட ஆரம்பிக்கும். படிகாரம் செய்கிற வேலையேதான். கூடவே இருக்கிற பென்டோனைட் களிமண் திரளுக்குக் கனம் கொடுக்கிறது. கைட்டோசானும் பாலிஅக்ரிலமைடும் நீளமான நூல் போல நின்று சிறு திரள்களைக் கோத்துப் பெரிதாக்குகின்றன. இரும்பு உப்பு தண்ணீரைப் புளிப்பாக்காமல் சோடியம் கார்பனேட் சமன் செய்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கொஞ்சம் உண்டு.

குளோரின் இதில் மெல்ல வெளிவருகிறது என்பதுதான் கெட்டிக்காரத்தனம். சேற்றுத் தண்ணீரில் நேரே பிளீச்சிங் பவுடரைப் போட்டால், மண்ணும் மக்கிய இலையும் முதலில் குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு மிஞ்சாது. இங்கே அழுக்கு திரண்டு ஒதுங்கிய பிறகும் கையில் குளோரின் இருக்கிறது.

செய்முறை எளிது. ஆனால் தயாரிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு பாத்திரம் வேண்டும், ஒன்று கலக்க, ஒன்று சேமிக்க. அடிவரை எட்டுகிற நீளமான கரண்டி அல்லது சுத்தமான குச்சி ஒன்று, ஓட்டையில்லாத கெட்டியான பருத்தித் துணி ஒன்று. ஒரு சேலை முந்தானைத் துண்டோ வேட்டித் துண்டோ நாலு மடிப்பாகப் போதும், ஆனால் அது நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். இவை இல்லாத வீட்டுக்குப் பாக்கெட்டை மட்டும் கொடுத்துவிட்டு வருவது, விளக்கில்லாத வீட்டுக்கு எண்ணெய் கொடுப்பது போல.

10 லிட்டர் என்பதை கண்மதிப்பில் விடாதீர்கள். வாளியில் எழுதியிருக்கும் அளவு விளிம்புவரைக்குமானதாக இருக்கலாம். ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் வாளியின் உள்பக்கம் ஒரு கீறல் போட்டுவிட்டால் பிறகு கவலையில்லை. தண்ணீர் குறைந்தால் குளோரின் நெடி தூக்கும், குழந்தைகள் குடிக்க மறுப்பார்கள். கூடினால் திரள் சரியாகச் சேராது, கிருமிக்கான மருந்தும் போதாது.

பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கக் கூடாது, கத்தரியால் வெட்ட வேண்டும். பொடி கண்ணிலோ வாயிலோ படக் கூடாது. தின்பண்டப் பாக்கெட் போலத் தெரிவதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைப்பது தனிக் கவலை. கொட்டியதும் 5 நிமிடம் விடாமல், வேகமாகக் கலக்க வேண்டும்.

இந்த ஐந்து நிமிடத்தை ஒரு தரம் குனிந்து பார்ப்பது நல்லது. முதலில் தண்ணீர் இன்னும் மோசமாகும், துருப்பிடித்த தகரத்தைக் கழுவிய மாதிரி. சற்று நேரத்தில் தூசி தூசியாகப் பொரியும். பிறகு பஞ்சைப் பிய்த்துப் போட்டது போல ஆரஞ்சுப் பழுப்புத் திரள்கள் கரண்டியோடு சுற்றிவரும், அவற்றுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாகத் தெரியும். கரண்டியை எடுத்ததும் அந்தப் பஞ்சு சுழன்றுகொண்டே கீழே இறங்கும். 5 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். திரள் இன்னும் மிதந்தால், மறுபடி கலக்கித் தெளியவிட வேண்டும்.

அடுத்தது வடிகட்டல். இங்கே நடக்கிற பிழை ஒன்று திரும்பத் திரும்ப நடப்பது: கடைசிச் சொட்டையும் வீணாக்க மனசு வராமல் துணியைப் பிழிவது. பிழிந்தால் திரள் நசுங்கித் துணியைத் தாண்டிவிடும். அது வெறும் மண்ணாக இருந்தால் பரவாயில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி, இந்தப் பொடியில் இருக்கிற அளவு குளோரினுக்கு அசையாது. அதைத் தண்ணீரிலிருந்து எடுப்பதே இந்தத் திரள்தான். ஆக, பிழிந்து இறக்கிய ஒரு துணுக்கில் குளோரின் தொடாத ஒட்டுண்ணி சேர்ந்தே வரலாம். வாளியின் அடியில் வண்டலோடு ஒரு டம்ளர் தண்ணீர் நின்றால் நிற்கட்டும். வண்டலைக் கழிப்பறையில் கொட்டுங்கள், பிள்ளைகளும் ஆடுமாடும் போகிற இடத்தில் வேண்டாம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் எடை. 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. அதை அலுங்காமல் தூக்கிச் சாய்ப்பது வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முடியாது. சாய்க்கும்போது வாளி குலுங்கினால் அடியில் படிந்தது மீண்டும் எழும்பும். ஒரு சொம்பால் மேலிருந்து மெல்ல மொண்டு ஊற்றினால் துணியும் சீக்கிரம் அடைக்காது.

வடிகட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றுநீர் போல இருக்கும். இந்த இடத்தில்தான் ஆபத்து. கண்ணுக்கு வேலை முடிந்துவிட்டது, கிருமிக்கு முடியவில்லை. இன்னும் 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும். மண் போனதால் தண்ணீர் அழகாயிற்று, அவ்வளவே. அதில் மிச்சமிருக்கிற வைரஸ்களையும் பாக்டீரியாவையும் கொல்லக் குளோரினுக்கு அந்த நேரம் வேண்டும். 20 நிமிடம் கழித்தும் மஞ்சள் சாயல் இருந்தால் குடிக்கவே கூடாது. தண்ணீர் நிறைய குளிர்ந்திருந்தால் குளோரின் மந்தமாகும், கூடுதல் நேரம் கொடுங்கள். தண்ணீரின் பி.ஹெச். (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 8-ஐத் தாண்டினாலும் அதன் வீரியம் குறையும்.

சரியாகச் செய்தோமா என்று அறிய எளிய வழி, தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினைச் சோதிப்பது. நீச்சல் குளத்துக்காரர்கள் வைத்திருக்கும் டி.பி.டி. மாத்திரை போதும். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும், அளவு கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். மேல்வரம்பு 5 மில்லிகிராம். நிறமே வரவில்லையென்றால் அந்தத் தண்ணீர் பளிங்கு போலிருந்தாலும் நம்ப வேண்டாம்.

செய்த தண்ணீரை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். வாய் குறுகிய, மூடியுள்ள, குழாய் வைத்த பாத்திரம் நல்லது. அகன்ற குடத்தில் கையோடு டம்ளரை விட்டு மொண்டால், காலையில் செய்த வேலையெல்லாம் மதியத்துக்குள் பாழ். ஒரு பாக்கெட் ஐந்து பேருக்கு ஒரு நாள் குடிக்க வரும். சமையலுக்கும் சேர்த்தால் வராது.

இந்தப் பொடி செய்யாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். உப்பை எடுக்காது, அதனால் கடல் ஏறிய கிணற்றுக்குப் பயனில்லை. ஃப்ளோரைடு, நைட்ரேட் இரண்டுக்கும் இது மருந்தல்ல. ஆர்சனிக் மட்டும் விதிவிலக்கு. இரும்புத் திரளில் அது ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஓரளவு குறையும். ஆனாலும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் வந்ததா என்று ஆய்வகத்தில் பார்க்காமல் ஆர்சனிக் கிணற்றுக்கு இதை நிரந்தரத் தீர்வாக வைக்கக் கூடாது. பூச்சிமருந்து, ஆலைக் கழிவு கலந்த தண்ணீர் என்றால் வேறு தண்ணீரைத் தேடுவதே புத்தி.

மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்தால் இதன் இடம் தெளிவாகும். கொதிக்க வைப்பது எல்லாக் கிருமியையும் கொல்லும், ஆனால் சேறு அப்படியே இருக்கும், விறகு வேண்டும், ஆறிய பிறகு பாதுகாப்பும் இல்லை. குளோரின் மாத்திரை எளிது, தெளிந்த தண்ணீருக்கு அதுவே போதும். உறிஞ்சுகுழல் வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணியையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் 0.2 மைக்ரான் துளையுள்ளவற்றில் வைரஸ் நழுவிவிடும், சேற்றில் விரைவில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். சேறும் வைரஸும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வருகிற வெள்ளத் தண்ணீரில் ஒரே கையில் மூன்றையும் சமாளிப்பது இந்தப் பாக்கெட்தான். ஆனால் ஐந்து நிமிடம் கை வலிக்கக் கலக்க வேண்டும், தினமும்.

அந்த ‘தினமும்’ எவ்வளவு பெரிய சொல் என்பதைக் கள ஆய்வுகள் காட்டுகின்றன. லைபீரியாவில் இடம்பெயர்ந்தோர் முகாமில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், இந்தப் பொடியைப் பயன்படுத்தியோரிடம் வயிற்றுப்போக்கு சுமார் 90 சதவீதம் குறைந்தது. 2003-இல் வெளியான கிராமப்புற குவாத்தமாலா ஆய்விலோ 24 சதவீதம்தான். அங்கே சாதாரண பிளீச் கரைசல் மட்டும் தந்த வீடுகளில் 25 சதவீதம். பொடி ஒன்றே. வித்தியாசத்தில் பெரும்பங்கு யார் எத்தனை நாள் விடாமல் கலக்கினார்கள் என்பதில் இருக்கும் என்றே கருதத் தோன்றுகிறது. பிளீச்சுக்கும் பொடிக்கும் வித்தியாசம் இல்லாமல் போன அந்த ஆய்வு, எளிய மருந்து போதும் என்கிற இடத்தில் கடினமானதைத் திணிக்காதே என்றும் சொல்கிறது.

இந்தப் பாக்கெட்டுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு: விழிப்புணர்வு மேடை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம் என்றால் பள்ளிகளில் சேற்றுத் தண்ணீர் ஜாடியும் இந்தப் பொடியும் வந்துவிடும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2025-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2024-இல் 210 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர் இல்லை. அவர்களில் 10.6 கோடிப் பேர் ஆறு, குளம், ஓடையிலிருந்து நேரே அள்ளிக் குடிக்கிறார்கள். இந்த எண்ணைச் சொல்லி, பழுப்புத் தண்ணீர் தெளிவதைக் காட்டினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் பிள்ளைகள் மனதில் பதிவது என்ன? தெளிந்தால் சுத்தம் என்பது. பாடத்துக்கு நேர் எதிரானது.

மேடையில் செய்யும் இன்னொரு தவறு, ஒரு லிட்டர் ஜாடியில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுவது. பத்து மடங்கு மருந்து. பார்க்கப் பிரமாதமாகத் திரளும், ஆனால் அது குடிக்கிற தண்ணீர் அல்ல. கூட்டத்துக்கு முன் மடக்கென்று குடித்துக் காட்டுகிறவர்கள் பத்தாவது நிமிடத்திலேயே குடிக்கிறார்கள் என்பது தனி வேடிக்கை.

காட்ட வேண்டுமென்றால் 10 லிட்டர் ஒளிபுகும் கேனில் சரியான அளவில் செய்யுங்கள். பக்கத்தில் நான்கு டம்ளர் வையுங்கள். முதலாவதில் சேற்றுத் தண்ணீர். இரண்டாவதில் தெளிந்தும் வடிகட்டாதது. மூன்றாவதில் வடிகட்டி 20 நிமிடம் ஆனது. நான்காவதில் எந்த மருந்தும் படாத, ஆனால் பார்வைக்குப் பளிச்சென்ற கிணற்றுத் தண்ணீர். கடைசி இரண்டிலும் டி.பி.டி. மாத்திரையைப் போடுங்கள். ஒன்று சிவக்கும், இன்னொன்று அப்படியே இருக்கும். நேரம் இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஹெச்2எஸ் சோதனைக் குப்பியில் ஊற்றி, ஒன்றிரண்டு நாள் வகுப்பிலேயே வைத்துவிடுங்கள். அது கறுத்தால் மலக் கலப்பு இருக்க வாய்ப்புண்டு என்று பொருள்.