கோமோ ஏரிக்கரையில் எங்கே தங்குவது? வரென்னா, பெல்லாஜியோ, கோமோ, மெனாஜியோ: ஓர் ஒப்பீடு

வட இத்தாலியின் கோமோ ஏரிக்குப் போவது என்று முடிவானதும் அடுத்த குழப்பம் ஊர்ப் பெயர்களில் தொடங்கும். படங்களைப் பார்த்தால் எல்லா ஊரும் ஒன்றுபோலவே தெரியும்: மஞ்சளும் செம்மண் நிறமுமான சுவர்கள், கல் படிக்கட்டுச் சந்துகள், பின்னால் மலை. ஆகவே அழகை வைத்துத் தேர்ந்தெடுக்க முயல்வது வீண் வேலை. ரயில் எங்கே நிற்கிறது, படகு எந்த நேரம் வரை ஓடுகிறது, பெட்டியை எத்தனை படி தூக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் ஊர் தானாக முடிவாகிவிடும்.

முதலில் வரைபடம். கவட்டைக் கம்பைக் கவிழ்த்து வைத்த வடிவம் இந்த ஏரிக்கு. பரப்பு சுமார் 146 சதுர கிலோமீட்டர், ஆழம் 400 மீட்டருக்கும் மேல். தென்மேற்குக் காலின் நுனியில் கோமோ நகரம், தென்கிழக்குக் காலின் நுனியில் லெக்கோ. இரண்டு கால்களும் பிரியும் முனையில் பெல்லாஜியோ. அதற்கு நேர் கிழக்குக் கரையில் வரென்னா, மேற்குக் கரையில் மெனாஜியோ. பார்க்க வேண்டிய மாளிகைகளில் பெரும்பாலானவை இந்த நடு ஏரிப் பகுதியில்தான் இருக்கின்றன.

வரென்னா

இரண்டு மூன்று இரவு தங்குபவர்களுக்கு, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, எங்கள் முதல் தேர்வு இதுதான். காரணம் ரயில். மிலானோ சென்ட்ராலே நிலையத்திலிருந்து திரானோ போகும் வண்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இங்கே வந்துவிடும். நிலையத்தின் பெயர் 'வரென்னா-எசினோ-பெர்லெதோ' என்று மூன்று ஊர்களையும் சேர்த்து எழுதியிருக்கும். போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். லெக்கோ தாண்டியதும் ஏரி அந்தப் பக்கம்தான். காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். மறந்தால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம் விழும். திரும்பும் டிக்கெட்டையும் மிலானிலேயே வாங்கிவிடுவது நல்லது, வரென்னா சிறிய நிலையம்.

நிலையத்திலிருந்து படகுத்துறைக்குப் பத்து நிமிட இறக்கம். அங்கிருந்து பழைய ஊருக்கு, தண்ணீருக்கு மேலேயே தொங்குவது போல் அமைந்த 'காதலர் நடைபாதை' வழியாகப் போகலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஊரின் சந்துகள் பெரும்பாலும் படிகள். சக்கரப் பெட்டி அங்கே வெறும் சுமை. அறை எடுக்கும் முன் விடுதிக்காரரிடம் "சாலையிலிருந்து எத்தனை படி?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் வரென்னாவை விட்டுவிடுவதே மேல்.

ஊரின் பெரிய இடம் வில்லா மொனஸ்தேரோ. சிஸ்டர்சியம் என்ற கிறித்தவத் துறவுச் சபையின் கன்னியர் மடமாகத் தொடங்கி, பிறகு மாளிகையாகி, இன்று தோட்டமும் அருங்காட்சியகமுமாக இருக்கிறது. இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி தம் மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன், 1954 கோடையில், இங்கேதான் வகுப்பெடுத்தார். அவர் பெயரில் இயற்பியல் பள்ளி இன்றும் நடக்கிறது. மேலே வெத்சியோ கோட்டைக்கு ஏறும் பாதை செங்குத்தானது, கல் பாவியது. மழை பெய்த மறுநாள் வழுக்கும்.

சாப்பாட்டுக் கடைகள் குறைவு. கோடையில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பதிவு இல்லாமல் போனால் இடம் கிடைப்பது சந்தேகம். பகலில் வந்துபோகும் கூட்டம் மாலையில் வடிந்த பிறகுதான் ஊர் ஊராகிறது, தங்குபவர்களுக்கு மட்டுமே கிடைப்பது அந்த நேரம்.

பெல்லாஜியோ

பெயர் பெரியது, விலையும் பெரியது, ரயில் கிடையாது. கோமோவிலிருந்து சி30 பேருந்தில் வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு ஆகாது. வரென்னாவிலிருந்து படகில் 15 நிமிடம். அப்படியிருக்க, இங்கே அறை எடுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான்: பணத்தைப் பற்றிக் கவலையில்லாமல், ஏரியைப் பார்த்த பால்கனியில் நாள் முழுக்க உட்கார விரும்புவது. மற்றவர்கள் காலை ஒன்பது மணிப் படகில் வந்து மதியத்துக்குள் பார்த்துவிடலாம். நெப்போலியன் காலத்து இத்தாலியக் குடியரசின் துணைத் தலைவர் பிரான்செஸ்கோ மெல்சிக்காக 1808-ல் கட்டத் தொடங்கிய வில்லா மெல்சியின் தோட்டம் அவசியம் பார்க்க வேண்டியது, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். குன்றின் மேலிருக்கும் வில்லா செர்பெல்லோனி 1959 முதல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் இருக்கிறது. அதன் தோட்டத்துக்கு வழிகாட்டியுடன் மட்டுமே அனுமதி. அதே பெயரில் கரையோரம் ஓர் ஆடம்பர விடுதியும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வாசலில் நிற்பவர்கள் ஏராளம்.

கோமோ நகரம்

குளிர்காலத்தில் போகிறீர்களா? வேறு யோசனையே வேண்டாம், கோமோதான். நவம்பர் முதல் மார்ச் வரை பெல்லாஜியோவிலும் வரென்னாவிலும் பல விடுதிகள் பூட்டிக் கிடக்கும், படகுகளும் குறைந்துவிடும். கோமோ உண்மையான நகரம். ஆண்டு முழுக்கக் கடை திறந்திருக்கும், தரையும் சமதளம். 1396-ல் தொடங்கி முடிய ஏறத்தாழ 350 ஆண்டு எடுத்துக்கொண்ட பேராலயம், அதன் முகப்பில் இந்த ஊரில் பிறந்த பண்டைய ரோமானிய எழுத்தாளர்களான இரண்டு பிளினிகளின் சிலைகள், மின்கலம் கண்டுபிடித்த வோல்டாவுக்கான நினைவுக்கூடம், 1894 முதல் புருனாத்தே மலைக்கு ஏழு நிமிடத்தில் ஏற்றிவிடும் கம்பிவட ரயில், பட்டு அருங்காட்சியகம் என்று மழை நாளுக்கும் வேலை இருக்கும்.

மிலானிலிருந்து இரண்டு பாதைகள் உண்டு. சென்ட்ராலேயிலிருந்து வரும் வண்டி கோமோ சான் ஜொவான்னியில் நிற்கும். ஏரிக்கு இன்னும் கால் மணி நடை. கதோர்னா நிலையத்திலிருந்து வருவது சற்று மெதுவானது, ஆனால் கோமோ லாகோவில், தண்ணீருக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். மல்பென்சா விமான நிலையத்திலிருந்து வருபவர்கள் மிலானுக்குள் போகவே வேண்டாம், சரோன்னோவில் வண்டி மாறினால் போதும்.

குறை என்னவென்றால், புகழ்பெற்ற நடு ஏரிக் காட்சி இங்கிருந்து தெரியாது. பெல்லாஜியோவுக்கு மெதுவான படகில் சுமார் இரண்டு மணி நேரம், விரைவுப் படகில் முக்கால் மணிக்கும் சற்று அதிகம்.

மெனாஜியோ

குழந்தைகளோடு வருபவர்களுக்கு. சமதளமான கரையோரப் பாதையும் நீச்சல் குளத்தோடு கூடிய கடற்கரை போன்ற இடமும் இங்கே உண்டு, அறை வாடகையும் பெல்லாஜியோவைவிடக் குறைவு. ரயில் இல்லை, கோமோவிலிருந்து சி10 பேருந்து. வில்லா கார்லோத்தா, பால்பியனெல்லோ ஆகிய இரண்டு கரையோர மாளிகைகளுக்கும் அதே பேருந்து போகும். பால்பியனெல்லோ திங்களும் புதனும் மூடியிருக்கும்.

படகு விவகாரம்

திட்டங்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான். மூன்று வகைப் படகுகள் ஓடுகின்றன. ஒவ்வொரு ஊராக நின்று போகும் 'பத்தெல்லோ', வரென்னா-பெல்லாஜியோ-மெனாஜியோ-கதெனாபியா இடையே மட்டும் ஓடும் கார் ஏற்றும் 'த்ரகெத்தோ', கூடுதல் கட்டணமுள்ள விரைவுப் படகு. நடந்து வருபவர்களும் கார்ப் படகில் ஏறலாம். இடம் அதிகம் என்பதால் கூட்ட நாளில் அதுவே கைகொடுக்கும். பெல்லாஜியோவில் கார்ப் படகுக்கு வேறு துறை, மற்றவற்றுக்கு வேறு துறை. டிக்கெட் வாங்கும்போதே எந்தத் துறை என்று கேட்காவிட்டால், உங்கள் படகு பக்கத்துத் துறையிலிருந்து கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நடு ஏரிக்குள் ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 5 யூரோ, ஒரு நாள் பாஸ் 15 யூரோ அளவில். அதாவது போய் வர மட்டும் என்றால் பாஸ் நஷ்டம். ஒரே நாளில் நான்கு முறை ஏறினால்தான் லாபம். விரைவுப் படகு அதில் சேராது.

கோமோவிலிருந்து பகல் பயணமாக வருபவர்கள் மாலைக் கடைசி விரைவுப் படகை நம்பி இருப்பது வழக்கம். கோடை ஞாயிறுகளில் அது நிரம்பிவிடும், பேருந்தும் பிதுங்கும். அப்போது வரென்னாவுக்குக் கடந்து, ரயிலில் மோன்சா வரை போய் மாறி, கோமோவை அடையலாம். சுற்றுதான், ஆனால் நடுத்தெருவில் நிற்க வேண்டியிருக்காது.

சாப்பாடும் காரும்

சைவம் சாப்பிடுபவர்களுக்கு நல்ல துணை பிட்சோக்கெரி: பக்வீட் மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, கோஸ், சீஸ், வெண்ணெய். ரிசோத்தோ என்ற குழைந்த அரிசி உணவில் இறைச்சிச் சாறு ஊற்றுவது சாதாரணம், காய்கறி ரிசோத்தோ என்று எழுதியிருந்தாலும் "பிரோதோ தி கார்னே?" (இறைச்சிச் சாறா?) என்று கேட்டுவிடுங்கள். பில்லில் வரும் 'கொபெர்தோ' மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல.

கார் வேண்டாம். கோமோ-பெல்லாஜியோ சாலையில் பல இடங்களில் எதிரே பேருந்து வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய ஊர்களின் வாகனத் தடை வலயத்துக்குள் தெரியாமல் நுழைந்தால் கேமரா படமெடுத்து, அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

ரயில் வேலைநிறுத்தம் இத்தாலியில் முன்னறிவிப்போடு வரும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உறுதியளிக்கப்பட்ட சில வண்டிகள் ஓடும். விமானம் பிடிக்கும் நாள் அப்படி அமைந்தால், முந்தைய இரவே மிலானுக்கு இறங்கிவிடுங்கள்.