6.5 க்ரீட்மோரா, .308 வின்செஸ்டரா?

அமெரிக்கால வெஸ்ட் பக்கம் மான் வேட்டைக்குப் போறவங்ககிட்ட இந்தக் கேள்விய கேட்டா சண்டை உறுதி. ரெண்டுமே ரைஃபிள் தோட்டா வகை. .308 வந்தது 1952ல, க்ரீட்மோர் ஹார்னடி கம்பெனி 2007ல கொண்டுவந்தது, அதுவும் டார்கெட் போட்டிக்குத்தான், வேட்டைக்கு அப்புறமாத்தான் இழுத்துட்டு வந்தாங்க.

தூரம்னு வந்தா க்ரீட்மோர்தான். ஹார்னடியோட இஎல்டி-எக்ஸ் குண்டையே எடுத்துக்கோங்க, 6.5ல 143 கிரெய்ன் (குண்டோட எடை அளவு), பிசி (குண்டு காத்த எவ்வளவு நல்லா கிழிக்கும்னு சொல்ற எண், கூடினா நல்லது) .625, .308ல 178 கிரெய்ன், பிசி .552, அதாவது சின்ன குண்டு காத்த நல்லா கிழிச்சுட்டுப் போகும், வேகம் சீக்கிரம் குறையாது, சைடு காத்துல கம்மியா தள்ளும், 500 கஜம் தாண்டினா காத்த தப்பா கணிக்கிறதுதானே நிறைய பேர கவுக்குது! உதையும் கம்மி, அதனால சுடும்போது கண்ண மூடுற பழக்கம் வராது (நிறைய பேருக்கு இருக்கு, ஒத்துக்க மாட்டாங்க).

.308 பக்கம் என்னன்னா, குண்டு பெருசு, கிட்டத்துல அடி பலம், பேரல் ரொம்ப நாள் உழைக்கும், தோட்டாவும் எந்தக் கடைலயும் கிடைக்கும்.

மியூல் டீர்னா (வெஸ்ட் பக்கத்து மான் வகை) நான் க்ரீட்மோர்தான் எடுப்பேன். எல்க்னா (ரொம்பப் பெரிய மான்), அதுவும் தூரத்துல, ரெண்டையுமே ஓரமா வச்சுட்டு இன்னும் பலமான .300 வின் மேக் தோட்டாவ எடுங்கன்னுதான் சொல்லுவேன்.