ராஸ்பெரி பை பிக்கோ: கணினியிலிருந்து ரிலேக்களை இயக்க ஏற்ற போர்டா?

மேசைக் கணினியிலிருந்து நான்கு ரிலேக்களை (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்சுற்றை இயக்கும் சுவிட்சுகள்) இயக்கவும் அணைக்கவும் ஒரு மலிவான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு தேவைப்பட்டபோது, ராஸ்பெரி பை பிக்கோவின் முதல் மாதிரியை வாங்கினேன். 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளியான இந்தப் போர்டில் ஆர்பி2040 சிப் உள்ளது. வைஃபை கிடையாது, இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.

தொடங்குவது மிக எளிது. பூட்செல் பட்டனை அழுத்தியபடி யுஎஸ்பி கேபிளைச் செருகினால் போர்டு ஒரு பென்டிரைவ் போலக் கணினியில் தோன்றுகிறது. மைக்ரோபைத்தானின் (சிறு சிப்களில் ஓடும் பைத்தான் மொழி) யுஎஃப்2 கோப்பை அதில் போட்டதும் தானே மறுபடி தொடங்கி, சீரியல் போர்ட்டாகத் தெரிகிறது. 25ஆம் ஜிபிஐஓ பின்னை (நிரலால் கட்டுப்படுத்தக்கூடிய மின்முனை) வெளியீடாக அறிவித்து அதன் மதிப்பை 1 என்று மாற்றினால் போர்டிலுள்ள பச்சை எல்இடி எரியும். (சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் ஒரு கேபிளைச் செருகிவிட்டு, போர்டு பழுது என்று அரை மணி நேரம் புலம்பியது என் தவறுதான்.)

இன்னொரு பிரபலமான போர்டான ஆர்டுயினோ ஊனோவில், கணினி நிரல் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆவதால், எரிந்துகொண்டிருக்கும் விளக்கு ஒருமுறை அணைந்துவிடும். பிக்கோவில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பின்னும் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கிறது. ஆனால் கணினி நிரல் இடையில் உறைந்துபோனாலும் அது அப்படியே நிற்கும் என்பதால், ஹீட்டர் போன்றவற்றை இணைப்பவர்கள் இதை நம்பி விட்டுவிடக் கூடாது. போர்டில் ஓடும் நிரலில் வாட்ச்டாக் டைமரை இயக்கி, கணினியிலிருந்து கட்டளை வரும்போது மட்டும் அதைப் புதுப்பிக்கும்படி எழுதினேன். அதிகபட்சம் 8 விநாடிக்குச் சற்று மேல் வரை காத்திருந்துவிட்டு, கட்டளை வராவிட்டால் சிப் ரீசெட் ஆகிறது. பின்களும் உள்ளீட்டு நிலைக்குத் திரும்புகின்றன.

உண்மையான குறை பின்களின் வலுவில்தான் இருக்கிறது. வெளியீடு 3.3 வோல்ட், ஒரு பின்னுக்கு இயல்பாக 4 மில்லிஆம்பியர், அமைப்பை மாற்றினால் 12 மில்லிஆம்பியர் என்ற அளவிலேயே கணக்கிட வேண்டும், எல்லாப் பின்களும் சேர்ந்து 50 மில்லிஆம்பியரைத் தாண்டக் கூடாது. 5 வோல்ட் ரிலேயின் கம்பிச்சுருள் ஒன்றே பல பத்து மில்லிஆம்பியர் கேட்பதால், நேரடியாக இணைப்பதற்கு இடமே இல்லை. தாழ்நிலையில் (உள்ளீடு 0 வோல்ட் அருகே இருக்கும்போது) இயங்கும் 5 வோல்ட் ரிலே மாட்யூலைப் பின்னுடன் நேரே கோத்துப் பார்த்தேன், 3.3 வோல்ட் கொடுத்தும் ரிலே முழுமையாக விடுபடவில்லை. அதைக் கழற்றிவிட்டு, இடையில் யுஎல்என்2803 சிப்பை (பின்னின் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் டிரான்சிஸ்டர் தொகுப்பு) வைத்து, ரிலேக்களுக்கு 5 வோல்ட்டைத் தனியாகக் கொடுத்த பிறகே சிக்கல் தீர்ந்தது. ரீசெட்டில் பின்கள் தாழ்நிலைக்கு இழுக்கப்படுவதால், இந்த அமைப்பில் எல்லா ரிலேக்களும் அணைந்தே இருப்பது கூடுதல் நிம்மதி.

பின்களின் பெயர்களைப் போர்டின் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருப்பதும் ரீசெட் பட்டன் இல்லாததும் எரிச்சலூட்டுகின்றன. பிரெட்போர்டில் செருகிய பிறகு எந்தப் பின் எதுவென்று படம் பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

ரிலே, விளக்கு, சிறு வால்வு ஆகியவற்றைக் கணினியிலிருந்து இயக்க விரும்புவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மைக்ரோவிநாடித் துல்லியத்தில் துடிப்புகள் தேவைப்படுவோர் யுஎஸ்பி கட்டளைகளை நம்பாமல், போர்டிலேயே ஓடும் பிஐஓ (பின்களைத் துல்லியமான நேரத்தில் இயக்க சிப்பிலுள்ள தனிப் பகுதி) நிரலை எழுத வேண்டியிருக்கும். எதுவானாலும், போர்டை வாங்கும்போதே ஒரு யுஎல்என்2803-ஐயும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.