உதிரி பைப் புகையிலையைக் கட்டியாக்கும் ஸ்க்ரூ பிரஸ்: வாங்கலாமா?

உதிரியாக வரும் பைப் புகையிலையை வீட்டிலேயே அழுத்திக் கட்டியாக்குவதற்கென்று விற்கிற சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஸ் இது. பக்கங்கள் தனித்தனியாகக் கழலும் பெட்டி, உள்ளே இறங்கும் தடிமனான தட்டு, மேலே கைப்பிடி வைத்த ஸ்க்ரூ, அவ்வளவுதான். தாராளமாக வாங்கலாம், ஆனால் டப்பாவில் அடைத்து விற்கிற பிளக் (கத்தியால் சீவிப் போட வேண்டிய கெட்டியான புகையிலைக் கட்டி) மாதிரியே வரும் என்று நம்பி வாங்காதீர்கள். தொழிற்சாலையில் முழு இலையை அடுக்கி, சூடு காட்டி, பெரிய மெஷினில் அழுத்துகிறார்கள். நாம் போடுவது ஏற்கெனவே நறுக்கியது, அதனால் கிடைப்பதும் கிள்ளினால் உதிர்கிற கேக்தான். எனக்கு அதுவே போதும், கத்தி தேடாமல் கிள்ளி அப்படியே பைப்பில் போட்டுவிடலாம்.

இலையில் ஈரம் சரியாக இல்லையென்றால் எந்த பிரஸ்ஸும் உதவாது. காய்ந்திருந்தால் தண்ணீரை லேசாகத் தெளித்து மூடிய ஜாடியில் ஓர் இரவு வையுங்கள்; கைக்குள் பிடித்து அழுத்தினால் ஒன்றாகச் சேர்ந்து, விட்டதும் மெதுவாக விரிய வேண்டும். அழுத்தும்போது ஓரத்தில் கறுப்பாகச் சாறு கசிந்தால் ஈரம் அதிகம், பிற்பாடு பூஞ்சை பிடிக்கும். அப்புறம், ஒரு தடவை முறுக்கினால் வேலை முடிந்தது என்று விட்டுவிட முடியாது, கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் இலை அமுங்கி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்கணும், அது நகராமல் நிற்கும்வரை இதேதான். சில நாளாவது பொறுக்காமல் கழற்றினால் கட்டி பஞ்சு மாதிரி மேலே எழும்பிவிடுகிறது.

சர்க்கரைச் சத்து அதிகமுள்ள வர்ஜீனியா வகைப் புகையிலை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, காரம் தணிந்து நிதானமாக எரிகிறது. லத்தாக்கியா (புகை காட்டிப் பதப்படுத்திய புகையிலை) தூக்கலான கலவைக்கு ஓரமெல்லாம் உதிர்கிறது. ஆனால் ஸ்டீல் என்பதால் அதன் புகை வாசனை பெட்டியில் தங்குவதில்லை, கழுவிவிட்டு அடுத்து வேறு கலவை போடலாம். மரப்பெட்டியில் இது நடக்காது.

குறை என்றால் அந்த ஸ்க்ரூதான். மரையில் தாராளமாக கிரீஸ் தடவி அனுப்பியிருக்கிறார்கள், புகையிலையைப் போடுவதற்கு முன்பே நன்றாகத் துடைத்துவிடுங்கள். கைப்பிடியும் குட்டை, கடைசிச் சுற்றுகளுக்கு உள்ளங்கை எரிகிறது. கெட்டியான மரப்பெட்டியும் நல்ல சி கிளாம்பும் (ஸ்க்ரூ வைத்து இறுக்கும் C வடிவப் பிடி) ஏற்கெனவே கையில் இருந்து, எப்போதும் ஒரே கலவையைத்தான் அழுத்தப்போகிறீர்கள் என்றால் இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.