ரெடிமேடா, ஆன்லைனா, ஆல்டரா, தையலா? உடம்புக்குப் பொருந்தும் துணிக்கு எது வழி

ஒரே ஆள்தான். பனியன் 95, சட்டை 40, டி-ஷர்ட் எல், பேன்ட் 34. நான்கும் நான்கு கணக்கு. பனியனின் 95 என்பது மார்புச் சுற்று, சென்டிமீட்டரில். ஃபார்மல் சட்டையின் 40 பெரும்பாலும் காலர் அளவு, அதுவும் சென்டிமீட்டரில். இஞ்சில் சொன்னால் பதினைந்தே முக்கால். பேன்டின் 34 இடுப்பு, இஞ்சில். எல் என்ற எழுத்துக்குத் தனியாக ஓர் அளவே கிடையாது. அந்தக் கம்பெனி எதை எல் என்று வைத்திருக்கிறதோ அதுதான் எல். கடையில் "உங்க சைஸ் என்ன?" என்று கேட்டதும் ஒற்றை எண்ணைச் சொல்லி வாங்கி வந்தால், அது பொருந்தாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இந்திய உடல்வாகுக்கென்று ஒரு பொது அளவு அட்டவணை வேண்டும் என்று மத்திய ஜவுளி அமைச்சகமும், 'நிஃப்ட்' எனும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் சேர்ந்து 'இந்தியாசைஸ்' திட்டத்தை எடுத்தன. ஆறு பகுதிகளில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரால் அளப்பது திட்டம். ஆனால் கடையில் தொங்கும் துணியில் இன்றைக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் அட்டவணையைத்தான் வைத்திருக்கிறது.

சரி, ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சைஸ். அப்படியும் ஒன்று சரியாக நிற்கிறது, இன்னொன்று பிடிக்கிறதே, ஏன்? தொழிற்சாலையில் துணியைப் பல அடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். கத்தி லேசாகச் சாய்ந்தால் மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் அளவு மாறும். பின்னலாடை என்றால் இன்னொரு சிக்கல். ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும் துணியைப் பிரித்துப் போட்டு ஆறவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். அவசர ஆர்டரில் அப்படியே வெட்டினால், தைத்து முடித்த பிறகு அது சுருங்கும். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்ளும் அளவு வித்தியாசம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். சட்டையைத் தரையில் விரித்து அளந்தால் மார்பில் ஒரு சென்டிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. அப்படியானால் சோதனையில் தேறிய இரண்டு சட்டைகளுக்கு இடையே விரித்த அளவில் 2, சுற்றளவில் 4 சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரலாம். எம்முக்கும் எல்லுக்கும் உள்ள இடைவெளியே பல அட்டவணைகளில் 5 சென்டிமீட்டர்தான். அதனால் ஒரே அடுக்கில் இருந்தாலும் நீங்கள் போட்டுப் பார்த்த அதே சட்டையைத்தான் பில் போட வேண்டும். "இது டிஸ்ப்ளே பீஸ், புதுசு எடுத்துத் தர்றேன்" என்றால், அந்தப் புதுசையும் போட்டுப் பாருங்கள்.

பெரிய சைஸ்காரர்களுக்கு இன்னும் ஓர் அநியாயம் நடக்கிறது. மாதிரிச் சட்டையை எம் போன்ற ஒரு நடு சைஸில் மட்டும் ஆளுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். மற்ற சைஸ்களைக் கணக்குப் போட்டுப் பெரிதாக்குவார்கள். மார்பு ஏற ஏற ஷோல்டரும் கழுத்தும் கூடவே ஏறிக்கொண்டு போகும். மனிதருக்கு வயிறும் மார்பும் பெருத்தாலும் தோள் எலும்பு அகலமாவதில்லை. அதனால்தான் டபுள் எக்ஸ்எல் சட்டையில் வயிறு சரியாக இருக்கும்போது ஷோல்டர் தையல் கையில் வழிகிறது. ஒல்லியான தோளும் நிறைந்த மார்பும் உள்ள பெண்களுக்குக் குர்த்தியில் நடப்பதும் இதேதான்.

எந்த வழியில் போவதானாலும் முதலில் கையில் இருக்க வேண்டியது உங்கள் அளவு. உடம்பை அளப்பதைவிட, உங்களிடம் உள்ளதிலேயே நன்றாகப் பொருந்தும், பல முறை துவைத்த ஒரு சட்டையை அளப்பது நல்லது. பட்டன் எல்லாம் போட்டு, மேசையில் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். அக்குள் தையலுக்கு ஒரு இஞ்ச் கீழே இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்பு. முதுகுப் பக்கம் ஒரு ஷோல்டர் தையலிலிருந்து மறு ஷோல்டர் தையல் வரை ஷோல்டர். பின்காலர் சேரும் இடத்திலிருந்து அடி வரை உயரம். பேன்டுக்கு இடுப்பு மட்டும் போதாது; முன்பக்கம் கவுட்டைத் தையலிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை உள்ள உயரம், கவுட்டைக்கு ஒரு இஞ்ச் கீழே தொடை, உள்கால் நீளம், மூன்றும் வேண்டும். பேன்ட் வயிற்றில் நிற்குமா, இடுப்பெலும்பில் இறங்குமா என்பதை அந்த முன் உயரம்தான் தீர்மானிக்கிறது. 34 போட்ட இரண்டு பேன்ட் இரண்டு விதமாக நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். இன்னொரு காரணம், பல ஜீன்ஸ்களில் 34 என்று போட்டுவிட்டு உண்மையில் 35, 36 இஞ்ச் வைப்பது.

கடையா, ஆன்லைனா?

போட்டுப் பார்க்க முடியும் என்பதால் கடைதான் ஒரு படி மேல். ஆனால் ட்ரையல் ரூமில் கண்ணாடி முன் நேராக நின்று பார்த்துவிட்டு வந்தால் அந்த வசதி வீண். எல்லா பட்டனையும் போடுங்கள். ஷோல்டர் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பைக் ஓட்டுவதுபோல் பிடியுங்கள். முதுகில் இழுத்தால் சட்டை சிறியது. உட்காருங்கள், மூன்றாவது, நான்காவது பட்டன் நடுவே வாய் பிளந்தால் அதுவும் சிறியது. பேன்டில் குனிந்து செருப்பு மாட்டுவதுபோல் உட்கார்ந்து எழுந்தாலே போதும். பருத்தி என்றால் துவைத்ததும் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 29 இஞ்ச் உயரச் சட்டையில் அது ஒன்றிலிருந்து ஒன்றரை இஞ்ச். முன்பே சுருக்கியெடுத்த துணி என்று லேபிளில் போட்டிருந்தால் அவ்வளவு கவலை வேண்டாம்.

ஆன்லைனில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. அளவு அட்டவணை உடம்பின் அளவைச் சொல்கிறதா, துணியின் அளவைச் சொல்கிறதா? "38" என்று இருக்கும் குர்த்தி, 38 இஞ்ச் மார்புக்காரருக்குத் தைத்ததாகவும் இருக்கலாம், துணியே 38 இஞ்சாகவும் இருக்கலாம். இழுபடாத துணியில் குர்த்திக்கு உடம்பைவிட இரண்டு மூன்று இஞ்ச் கூடுதல் வேண்டும். சட்டைக்கு நான்கு இஞ்சாவது. துணியின் அளவே 38 என்றால் அது 35, 36 இஞ்ச் உடம்புக்குத்தான். பெண்களின் ஆன்லைன் புலம்பலில் பெரும்பங்கு இந்த ஒரு குழப்பத்தில்தான் பிறக்கிறது. துணி அளவு தெளிவாகப் போடாத விற்பனையாளரிடம் ஃபார்மல் சட்டையோ, பொருத்தமான குர்த்தியோ வாங்காமல் இருப்பதே மேல். நைட்டி, ஷார்ட்ஸ், தளர்வான டி-ஷர்ட் வாங்கலாம். இரண்டு இஞ்ச் கூடக்குறைய இருந்தாலும் குடி முழுகாது.

ஆல்டரா, புதுத் தையலா?

இங்கேதான் பணமும் துணியும் அதிகம் வீணாகிறது. எதைச் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்தால் கடையில் எதைப் பார்த்து வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

சட்டையில் சைடு பிடிக்கலாம், பக்கத்துக்கு ஒரு இஞ்ச் வரை. அதற்கு மேல் பிடித்தால் அக்குள் கோணும், பாக்கெட் சைடு பக்கம் ஒதுங்கும். முழுக்கையைக் கஃப் பிரித்து ஒரு இஞ்ச் குறைக்கலாம். உயரம் குறைப்பது சுலபம். ஷோல்டரைக் குறைப்பதற்குக் கையையே கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும். எல்லாக் கடையிலும் செய்யமாட்டார்கள், செய்தாலும் எல்லார் கையிலும் சரியாக வராது. காலர் அளவை மாற்றவே முடியாது. ஆகவே சட்டையை ஷோல்டருக்கும் காலருக்கும் பார்த்து வாங்குங்கள், வயிறு லூஸாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். தலைகீழாக, வயிற்றுக்குப் பார்த்து வாங்கி ஷோல்டரைச் சரிசெய்ய நினைப்பது பலிக்காது.

பிரித்து விடுவது வேறு கதை. ரெடிமேடில் உள்ளே விட்டிருக்கும் துணி ஒரு சென்டிமீட்டர் அளவுதான். ஓரத்தை வெட்டிக்கொண்டே நூல் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்த டி-ஷர்ட்டில் அதுவும் இல்லை. விதிவிலக்கு ஃபார்மல் பேன்டின் பின் நடுத் தையல். உள்ளே திருப்பிப் பாருங்கள், இடுப்பருகே ஒரு இஞ்சுக்கு மேல் துணி இருந்தால் பின்னால் பிரித்து விட வழி உண்டு. ஜீன்ஸில் இது கிடையாது. இடுப்பைக் குறைப்பதானாலும் இரண்டு இஞ்சோடு நிறுத்துங்கள். தாண்டினால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். தொடையும் கவுட்டையும் பிடிக்கும் பேன்டை எந்த டெய்லரும் காப்பாற்ற முடியாது.

குர்த்தியில் மேல்கை பிடிப்பதுதான் பெரிய தொல்லை. கையில்லாக் குர்த்தி என்றால் உள்ளே கைத்துணி தனியாக வைத்துத் தைத்திருக்கும். அதை ஏற்றும்போதே உங்கள் கைச்சுற்றைச் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே கை ஏற்றியதென்றால் அக்குளில் ஒரு சின்னப் பட்டைத் துணி வைத்து விரிக்கலாம். அதற்குத் துணி குர்த்தியின் அடி மடிப்பிலிருந்து எடுத்தால் நிறம் ஒத்துப்போகும்.

இனி புதுத் தையல். சட்டைக்கு இதன் தேவை குறைந்துவிட்டது. ஷோல்டர் பொருந்தும் ரெடிமேடைச் சைடு பிடித்தாலே பெரும்பாலானவருக்குப் போதும். ஒரு தோள் இறங்கியவர், கை நீளமானவர், வயிற்றுக்கும் மார்புக்கும் வித்தியாசம் அதிகமுள்ளவர் தைத்துத்தான் ஆக வேண்டும். முழுக்கைச் சட்டைக்கு 58 இஞ்ச் அகலத் துணியில் 1.6 மீட்டர், 36 இஞ்ச் அகலத்தில் இரண்டரை மீட்டர். பருத்தியைக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி இஸ்திரி போட்டுக் கொடுங்கள். நான்கு துணி இருந்தால் நான்கையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். ஒன்றைத் தைத்து வாங்கி, இரண்டு முறை துவைத்துப் போட்டுப் பார்த்து, திருத்தம் சொல்லிவிட்டு மீதியைக் கொடுங்கள். தீபாவளிக்கு என்றால் புரட்டாசி பிறந்ததுமே அந்த முதல் சட்டை கைக்கு வந்திருக்க வேண்டும்.

ஜாக்கெட்டுக்கு மட்டும் தையலுக்குப் போட்டியே இல்லை. கடையில் கிடைக்கும் இழுபடும் ஜாக்கெட் அவசரத்துக்கு உதவும். பட்டுப் புடவைக்கு நிற்காது. ஆனால் தையல் ஜாக்கெட் கெடுவதும் பெரும்பாலும் 'அளவு ஜாக்கெட்'டால்தான். மூன்று வருடம் போட்டு இளகிய ஜாக்கெட்டைக் கொடுத்தால் அந்த இளகலும் சேர்ந்தே அளவாகிறது. அதில் இப்போது பிடிக்கும் இடம் இருந்தால் அதுவும் அப்படியே வரும். கொடுப்பதானால் இன்றைக்குப் பொருந்துவதைக் கொடுங்கள். அதோடு நடு மார்புச் சுற்று, தோளிலிருந்து டாட் (மார்பின் வடிவத்துக்காக மடித்துத் தைக்கும் இடம்) முனை வரை நீளம், இரண்டு டாட் முனைக்கும் இடைவெளி, இந்த மூன்றையும் உடம்பில் எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் சுருங்குவதும் கூம்புவதும் இவை தப்பும்போதுதான்.

இன்னொரு பிழை பரவலாக நடக்கிறது. கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறுகிறது என்றதும் ஆர்ம்ஹோலை, அதாவது கை ஏற்றும் வளைவை, இன்னும் இறக்கிவிடுவார்கள். இறக்க இறக்கக் கையோடு ஜாக்கெட்டும் தூக்கும். அக்குளுக்கு ஒட்டி, உயரமாக வெட்டிய ஆர்ம்ஹோலில்தான் கை தாராளமாக அசையும். தோளிலிருந்து நழுவுகிறது என்றால் பின் கழுத்தின் இறக்கமும் கழுத்தின் அகலமும் சேர்ந்து கூடிவிட்டன என்று பொருள். இறக்கம் வேண்டுமானால் அகலத்தைக் குறையுங்கள், அல்லது பின்னால் கயிறு வையுங்கள்.

லைனிங் துணியை நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி, மேலே உள்ள பட்டு பொங்கி நிற்கும். இதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பிரித்து மறு லைனிங் வைக்க வேண்டும், அதற்கான கூலி புதிதாகத் தைப்பதற்கு நெருங்கிவிடும். எனவே துணி கொடுக்கும் அன்றைக்கே "லைனிங்கை நனைச்சுட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுவிடுங்கள், அல்லது நீங்களே நனைத்துக் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள். சைடில் உள்ளே பக்கத்துக்கு ஒரு இஞ்ச் துணி விட்டு, அரை இஞ்ச் இடைவெளியில் இரண்டு தையல் போடச் சொல்லுங்கள். உடம்பு போட்டால் உள் தையல் ஒன்றைப் பிரித்தால் போதும். முன்துணியிலும் பின்துணியிலும் அரை அரை இஞ்சாகப் பக்கத்துக்கு ஒரு இஞ்ச், சுற்றளவில் இரண்டு இஞ்ச் கிடைக்கும்.