ஓபன்சிவி: நெல்மணி எண்ணவும் தமிழ் எழுத்து படிக்கவும் எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேமரா படத்திலிருந்து எதையாவது எண்ண வேண்டும், அளக்க வேண்டும், அடையாளம் காண வேண்டும் என்றால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய கட்டற்ற மென்பொருள், அதாவது நம் நிரலிலிருந்து அழைக்கும் லைப்ரரி, இன்றைக்கும் ஓபன்சிவிதான் (OpenCV). 1999-இல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கி வைத்த வேலை இது. 2000-இல் முதல் சோதனைப் பதிப்பு வந்தது, 1.0 வருவதற்கு 2006 ஆகிவிட்டது. உள்ளே இருப்பது சி பிளஸ் பிளஸ். பைத்தானிலும் ஜாவாவிலும் அழைத்துக்கொள்ளலாம். காசு கிடையாது. 4.5.0 பதிப்பிலிருந்து அப்பாச்சி 2 உரிமம், அதற்கு முன்பு பிஎஸ்டி. நாம் விற்கும் பொருளுக்குள் வைத்துக் கொடுப்பதற்கு இரண்டுமே இடம் தருகின்றன.

வேகம், விரிவு, பழுத்த அனுபவம் மூன்றிலும் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் தவறு செய்தால் இது பல நேரம் வாய் திறக்காது. நிரல் ஓடும், எண் வரும், அந்த எண் தப்பாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் பாதியில் விட்டுப்போவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஆகவே இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அந்த மௌனப் பிழைகளைப் பற்றியே.

நிறுவும்போதே முதல் பிழை காத்திருக்கிறது. பைத்தானின் நிறுவியான பிப் வழியாகக் கிடைப்பவை நான்கு பொதிகள்: சாதாரண ஓபன்சிவி-பைத்தான், கூடுதல் பகுதிகள் சேர்ந்த கான்ட்ரிப், இந்த இரண்டுக்கும் திரை இல்லாத ஹெட்லெஸ் வடிவங்கள். நான்கும் சிவி2 என்ற ஒரே பெயருக்குள்தான் போய் உட்காரும். ஒன்றின் மேல் ஒன்றை நிறுவினால் கோப்புகள் கலந்துவிடும். நேற்று ஓடிய ஃபங்ஷன் இன்று காணோம் என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். சர்வரிலோ டாக்கரிலோ என்றால் ஹெட்லெஸ் போதும். அங்கே சாதாரணப் பொதியைப் போட்டால், திரையில் காட்டத் தேவையான லிப்ஜிஎல் கோப்பு இல்லை என்று நின்றுவிடும்.

இனி ஒரு உண்மையான வேலை. விதை நெல்லின் தரம் பார்க்கையில் ஆயிரம் மணி எடை என்று ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் மணிகளைக் கையால் எண்ணுவது கண்ணைக் கெடுக்கும் வேலை. ஒரு வெப்கேமும் ஒரு கறுப்பு சார்ட் அட்டையும் இருந்தால் ஓபன்சிவி அதைச் செய்துவிடும். எவ்வளவு சரியாகச் செய்யும் என்பது அமைப்பைப் பொறுத்தது.

அட்டை பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும். அளவு ஏ4 போதும். கேமராவை நேர் மேலே, அட்டையின் 210 மில்லிமீட்டர் அகலம் படத்தின் 1080 பிக்சல் உயரத்தை நிரப்பும்படி வையுங்கள். மில்லிமீட்டருக்கு 5 பிக்சலுக்குச் சற்று மேல் கிடைக்கும். எட்டரை மில்லிமீட்டர் நீளமும் 2.8 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மணி இந்தக் கணக்கில் ஏறக்குறைய 44-க்கு 14 பிக்சல், பரப்பு 500 பிக்சலுக்குக் கொஞ்சம் கீழே. தாராளமாகப் போதும். 640-க்கு 480 படத்தில் இதே மணியின் பரப்பு 100 பிக்சல்கூட வராது. அங்கே தூசுக்கும் மணிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 5-க்கு 5 காஸியன் மங்கலாக்கம் கொடுத்து, வெளிச்ச எல்லையைத் தானே தேர்ந்தெடுக்கும் ஓட்சு முறையில் இருமையாக்குங்கள், அதாவது ஒவ்வொரு பிக்சலும் முழு வெள்ளை அல்லது முழுக் கறுப்பு. 3-க்கு 3 கெர்னலால் (சிறு பிக்சல் கட்டத்தால்) ஒருமுறை ஓபனிங், இது பொடிப் புள்ளிகளை அழிக்கும். பிறகு கனெக்டட் காம்பொனென்ட்ஸ் வித் ஸ்டாட்ஸ் என்ற ஃபங்ஷன் ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு எண் கொடுத்து அதன் பரப்பையும் தரும். திட்டு எண் 0 என்பது பின்னணி, அதாவது அட்டை. அதையும் சேர்த்தே மொத்தம் சொல்லும். ஒன்றைக் கழிக்க மறந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரு மணி அதிகம். 150 பிக்சலுக்குக் குறைந்தவை வைக்கோல் துணுக்கும் தூசியும், அவற்றைத் தள்ளிவிடுங்கள்.

ஒட்டிக்கொண்டிருக்கும் மணிகளில்தான் வேலை சிக்குகிறது. பாடப் பயிற்சிகள் எல்லாம் இதற்கு வாட்டர்ஷெட் முறையைக் காட்டுகின்றன, சிகரத்துக்கு ஒரு பொருள் என்று வைத்துத் திட்டைப் பிரிக்கும் முறை அது. நாணயத்துக்கு அது அருமை. நெல்லுக்கு அது சரிவராது. வட்டமான நாணயத்தின் தூர வரைபடத்தில் (ஒவ்வொரு பிக்சலும் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்ற படம்) நடுவில் ஒரே ஒரு சிகரம் இருக்கும். நீளமான நெல்மணியிலோ முதுகெலும்பு போல ஒரு மேடு ஓடும். அதில் இரண்டு மூன்று சிறு சிகரங்கள் எழும்பி ஒரே மணியை இரண்டாக வெட்டிவிடும். எண்ணிக்கை கூடிக் காட்டும்.

எளிய வழி இதைவிட நன்றாக வேலை செய்கிறது. ஒற்றை மணிகளின் பரப்பில் இடைநிலை மதிப்பை எடுங்கள், உதாரணமாக 494. ஒவ்வொரு திட்டின் பரப்பையும் அதால் வகுத்து முழு எண்ணாக்குங்கள். 1,463 பிக்சல் திட்டு என்றால் 2.96, ஆகவே மூன்று மணி. 1,240 என்றால் 2.51, இது இரண்டா மூன்றா என்று நிரல் முடிவு செய்யக் கூடாது. பின்னம் 0.35-க்கும் 0.65-க்கும் இடையில் விழும் திட்டுகளைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டச் செய்து, அவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள். இடைநிலை மதிப்பு எடுக்கும்போது ஒற்றை மணிகள் மட்டும் கணக்கில் வர வேண்டும். திட்டின் பரப்பை அதன் குவிவு உறையின் (திட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டது போன்ற வடிவத்தின்) பரப்பால் வகுத்து 0.9-க்கு மேல் வருபவற்றை மட்டும் எடுத்தால், கோணலாக ஒட்டிய ஜோடிகள் விலகிவிடும்.

ஒரு தடவைக்கு 200 முதல் 250 மணி போதும். அவ்வளவையும் சேர்த்தாலும் அட்டையில் எட்டு சதவீதம்கூட மூடாது, லேசாகத் தட்டினால் பிரிந்து படுத்துக்கொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. சரியாக ஆயிரம் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐந்து தடவையில் 1,037 மணி வந்து எடை 22.81 கிராம் என்றால் ஆயிரத்துக்கு 22 கிராம். பதரும் முழு மணியும் மேலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் தூற்றிய பிறகே படம் எடுக்க வேண்டும். அதைக் கேமராவிடம் எதிர்பார்க்காதீர்கள்.

இதில் கேமரா பக்கம் வரும் தொல்லைகள் தனி. நீங்கள் கேட்ட 1920-க்கு 1080 அளவைக் கேமரா ஏற்றுக்கொண்டதா என்பதை செட் அழைப்பின் பதிலை வைத்து நம்பக் கூடாது. கெட் போட்டுக் கேட்டுப் பாருங்கள், வந்த படத்தின் அளவையும் பாருங்கள். யுஎஸ்பி 2.0 வெப்கேம் பெரிய அளவில் நொடிக்கு ஐந்து படம் மட்டும் தருகிறது என்றால், அது சுருக்காத வடிவில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. பட வடிவத்தைக் குறிக்கும் ஃபோர்சிசி மதிப்பை எம்ஜேபிஜி என்ற சுருக்கிய வடிவுக்கு மாற்றினால் வேகம் வரும். தானியங்கி எக்ஸ்போஷரை நிறுத்திவிடுங்கள், இல்லையேல் கை நிழல் பட்டாலே படம் முழுக்க வெளிச்சம் மாறி இருமையாக்கம் ஆடும். டியூப்லைட்டின் கீழ் படத்தில் பட்டை ஓடினால் காரணம் மின்சாரம். இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். எக்ஸ்போஷர் நேரம் 10 மில்லிநொடியின் மடங்காக இருந்தால் பட்டை போய்விடும்.

மற்ற மௌனப் பிழைகளில் முதலிடம் படக் கோப்பைத் திறக்கும் இம்ரீட் ஃபங்ஷனுக்கு. கோப்பு இல்லாவிட்டாலும் அது நிரலை நிறுத்தாது, வெறுமையை (None) திருப்பித் தரும். நிரல் பத்து வரி தள்ளி வேறெங்கோ விழும். நிறங்கள் சிவப்பு-பச்சை-நீலம் என்ற வரிசையில் வராமல் நீலம்-பச்சை-சிவப்பு என்று வரும். வேறு லைப்ரரியில் காட்டினால் முகமெல்லாம் நீலமாகத் தெரிவது இதனால்தான். எட்டு பிட் படத்தில் நிறச்சாயல் (ஹியூ) மதிப்பு 0 முதல் 179 வரைதான், 359 வரை இல்லை. ரீசைஸ் அகலத்தை முதலில் கேட்கும், ஷேப் உயரத்தை முதலில் சொல்லும். எட்டு பிட் படத்தில் 200-உடன் 100-ஐ நம்பை (பைத்தானின் எண் அணி லைப்ரரி) வழியாகக் கூட்டினால் 44 வரும், ஓபன்சிவியின் ஆட் வழியாகக் கூட்டினால் 255-இல் நிற்கும். விளிம்புக்கோடு தேடும் ஃபைண்ட் கான்டூர்ஸ் 3-ஆம் பதிப்பு வரிசையில் மூன்று மதிப்புகள் தந்தது, 4-இல் இரண்டுதான். பழைய பயிற்சியைப் பார்த்து எழுதினால் அங்கே எரர் வரும். எரர் வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டிய இடம் அது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இரண்டு கூடுதல் முட்டுக்கட்டைகள். விண்டோஸில் கோப்புறையின் பெயர் தமிழில் இருந்தால் இம்ரீட் பெரும்பாலும் படிக்காது, மேலே சொன்ன அதே வெறுமைதான். நம்பையின் ஃப்ரம்ஃபைல் வழியாக பைட்டுகளை எடுத்து ஓபன்சிவியின் இம்டிகோடுக்குக் கொடுத்தால் படம் திறக்கும். அடுத்தது, புட்டெக்ஸ்ட் ஃபங்ஷனால் படத்தின் மேல் தமிழ் எழுத முடியாது, கேள்விக்குறிகள்தான் வரும். படத்தை பில்லோ என்ற வேறொரு பைத்தான் பட லைப்ரரிக்கு மாற்றி, தமிழ் எழுத்துரு கொடுத்து எழுதி, திரும்பக் கொண்டுவர வேண்டும். பில்லோவில் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ராக்ம் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் "கெ" என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும்.

பழைய தமிழ்ப் புத்தகப் பக்கங்களை எழுத்துணரி மென்பொருளான டெசராக்ட் மூலம் எழுத்தாக்குவதற்கு முன் ஓபன்சிவியால் சுத்தம் செய்வது நல்ல பயன்பாடு. ஆனால் ஆங்கிலத்துக்குச் சொன்ன செய்முறையை அப்படியே பின்பற்றினால் புள்ளி போய்விடும். 300 டிபிஐ ஸ்கேனில், சிறிய எழுத்தில், மெய்யெழுத்தின் புள்ளி நான்கைந்து பிக்சல் அகலம்தான். 5-க்கு 5 மீடியன் வடிகட்டி அதைப் பல இடங்களில் தூசி என்று துடைத்துவிடும். "பக்கம்" என்பது "பககம" ஆகும், டெசராக்ட் மேல் பழி விழும். மீடியனை 3-க்கு மேல் ஏற்றாதீர்கள். முடிந்தால் 400 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். சிறு இடைவெளிகளை அடைக்கும் குளோசிங்கும் ஆபத்துதான், "கீ"யின் சுழியை அடைத்து அதைக் "கி" போலக் காட்டிவிடும். சாய்வை நேராக்குவதும், இடத்துக்கு இடம் வெளிச்ச எல்லையை மாற்றும் அடாப்டிவ் முறையில் 31 பிக்சல் கட்டத்துடன் இருமையாக்குவதும் மட்டுமே பெரும்பாலான பக்கங்களுக்குப் போதும்.

முகம் கண்டுபிடிக்க இன்னும் பலர் ஹார் கேஸ்கேடையே எடுக்கிறார்கள். அது 2001-இல் வெளியான வயோலா-ஜோன்ஸ் முறை. முகம் கொஞ்சம் திரும்பினாலே தவறவிடும், சுவரில் முகம் பார்க்கும். 4.5.4 பதிப்பிலிருந்து முகம் காணும் நரம்பியல் மாதிரியான யூநெட்டை ஓட்டும் வசதி உள்ளே இருக்கிறது, மாதிரிக் கோப்பு ஒரு எம்பிக்கும் குறைவு, சாதாரணச் செயலியிலேயே வேகமாக ஓடும். ஹார் எடுக்க இனிக் காரணமே இல்லை. பெரிய நரம்பியல் மாதிரிகளை ஓட்டும் டிஎன்என் பகுதியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிப் பொதியில் என்விடியா ஜிபியுவில் ஓட்டும் குடா கிடையாது. குடா வேண்டும் என்று நிரலில் எழுதினாலும் ஒரு வரி எச்சரிக்கை தந்துவிட்டு சிபியுவில் ஓடும். உண்மையில் வேண்டுமென்றால் மூலத்திலிருந்து நீங்களே கம்பைல் செய்ய வேண்டும், அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். உரிமத்தையும் பாருங்கள். ஓபன்சிவி தாராளமானது, அதற்குள் நீங்கள் ஏற்றும் மாதிரி அப்படி இருக்க வேண்டியதில்லை. அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனத்தின் பொருள் கண்டறியும் மாதிரியான யோலோ ஏஜிபிஎல் 3 உரிமத்தில் வருகிறது. மூல நிரலை வெளியிட விரும்பாத நிறுவனம் அதை வைத்துப் பொருள் செய்தால் வணிக உரிமம் வாங்கியாக வேண்டும்.

அளவெடுக்க நினைக்கும் பட்டறைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 100 மில்லிமீட்டர் அகலத்தை 1280 பிக்சலில் பார்த்தால் ஒரு பிக்சல் 0.08 மில்லிமீட்டர். 0.05 மில்லிமீட்டர் வித்தியாசத்தை வைத்து உதிரிப்பாகத்தைத் தள்ளவோ ஏற்கவோ இந்த அமைப்பு ஆகாது. சதுரங்க அட்டையை வெவ்வேறு கோணத்தில் 15, 20 படம் எடுத்து லென்ஸ் வளைவைத் திருத்திய பிறகே அளவு பேச வேண்டும். மறுவீழ்ப்புப் பிழை (கணக்கிட்ட புள்ளிக்கும் படத்தில் கண்ட புள்ளிக்கும் உள்ள விலகல்) அரை பிக்சலுக்குள் வரவில்லை என்றால் அட்டை தட்டையாக ஒட்டப்படவில்லையா என்று முதலில் பாருங்கள். காகிதம் நெளிந்திருப்பதுதான் வழக்கமான காரணம்.

நிரல் எழுதத் தெரியாதவர், ஆய்வகத்தில் இருபது படம் மட்டும் எண்ண வேண்டியவர் ஓபன்சிவி பக்கம் வர வேண்டாம். அவருக்கு இமேஜ்ஜே (ImageJ) என்ற பட ஆய்வு மென்பொருள் போதும். அதன் அனலைஸ் பார்ட்டிகிள்ஸ் கட்டளை மேலே சொன்ன வேலையில் பாதியைச் சுட்டியாலேயே முடித்துவிடும். பைத்தானில் வேகத்தைவிடத் தெளிவு முக்கியம் என்பவருக்கு சைகிட்-இமேஜ் (scikit-image) லைப்ரரி நல்லது, அதன் ஆவணங்கள் ஓபன்சிவியைவிடப் படிக்கச் சுகம். நேரடி வீடியோ, சின்ன ராஸ்பெர்ரி பை, நாள் முழுக்க ஓட வேண்டிய வேலை என்றால் ஓபன்சிவியே. தொடங்கும் அன்றே இம்ரீட் கொடுத்தது வெறுமையா என்று சோதிக்கும் ஒரு வரியையும், ஒவ்வொரு கட்டத்தின் படத்தையும் ஒரு கோப்புறையில் எழுதி வைக்கும் ஒரு வரியையும் நிரலில் சேர்த்துவிடுங்கள். கோப்புறைக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள்.